ஐஸ் பெட்டியில் வைத்த பால்

தணிகாசலம் வீட்டுக்கு ஐஸ் பெட்டி வந்து இறங்கிய அன்று பிள்ளையார்பாளையத்தில் பாதித் தறி ஓடவில்லை. ஊரே வேடிக்கை பார்க்கப் போய்விட்டது. ஆளுயரத்துக்கு வெள்ளையாக ஒரு பீரோ. திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறது, மூடினால் அணைந்துவிடுகிறதா என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. தணிகாசலம் பட்டு ஜவுளிக்கடை முதலாளி. அந்தப் பேட்டையில் முக்கால்வாசி நெசவாளிகள் அவர் கொடுக்கும் பாவு நூலையும் ஜரிகையையும் நம்பித்தான் தறியில் உட்கார்ந்தார்கள். ஐஸ் பெட்டிக்குச் சாவி ஒன்று இருந்தது. அந்தச் சாவி அவர் மனைவி லோகாம்பாளின் இடுப்புக்குப் போனது.

பூட்டிவைக்க அதில் என்ன பெரிய சொத்து இருந்தது என்றால், கொஞ்சம் தயிர், நாலு எலுமிச்சம்பழம், வாழை இலையில் சுற்றிய மல்லிகைப் பூ. இவ்வளவுதான். ஆனாலும் பூட்டினாள். பூட்டுவதில் லோகாம்பாளுக்கு ஒரு சுகம் இருந்தது. பிறகு ஒருநாள் அந்தப் பெட்டிக்குள் வள்ளியின் பாலும் போயிற்று.

வள்ளி, வீரபாகுவின் மனைவி. வீரபாகு தணிகாசலத்துக்கு நெய்பவன். வள்ளிக்கு முதல் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பெண் குழந்தை, சொர்ணம் என்று பேர். வள்ளி ஒல்லியான உடம்புக்காரி. அந்த உடம்பில் அவ்வளவு பால் எங்கிருந்து ஊறுகிறது என்று தெருப் பெண்களே வாய்விட்டுச் சொன்னார்கள். அப்படிச் சொல்வது கண்ணேறு என்று வள்ளி பயந்தாள். அந்தப் பேச்சு தெருவைத் தாண்டி லோகாம்பாள் காதுக்குப் போனதுதான் வினை.

லோகாம்பாளின் மகள் ரேணுகாம்பாள் அப்போது தாய்வீட்டில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். ஆண் குழந்தை. தீட்டுக் கழிந்த கையோடு அவளுக்கு டைபாய்டு வந்துவிட்டது. கொடுக்கிற மருந்து பாலில் இறங்கும், குழந்தைக்கு ஆகாது என்று டாக்டரம்மா தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லிவிட்டாள். டின் பால் கரைத்துக் கொடுத்தால் குழந்தை குடித்த வேகத்தில் கக்கியது. வேறொரு தாயின் பால் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்றாள் டாக்டரம்மா. மறுநாள் காலையில் வீரபாகுவைக் கூப்பிட்டு விட்டார்கள்.

"முதலாளியம்மா உன்ன வரச் சொல்றாங்க வள்ளி. அவங்க பேரப்புள்ளைக்குப் பால் குடுக்கணுமாம்" என்றான் வீரபாகு, தலையைக் குனிந்துகொண்டு.

வள்ளிக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம். பச்சைப் பிள்ளை, பசியில் கிடக்கிறது, இன்னொரு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று தலையை வாரிக்கொண்டு கிளம்பினாள். அங்கே போனால் குழந்தையைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. பின்கட்டில் ஒரு பலகையைப் போட்டு, வெள்ளிச் சொம்பு ஒன்றைக் கையில் கொடுத்தாள் லோகாம்பாள்.

"இதுல பீச்சிக் குடு. குளிச்சிட்டு, நான் வெச்சிருக்கிற புடவையக் கட்டிக்கினு உக்காரு."

"புள்ளைய மடியில குடுத்தீங்கன்னா நல்லா இழுத்துக் குடிக்கும்மா."

"உன் மடி வாசன பட்டுதுன்னா அப்பறம் அவன் எங்க மடிக்கு வருவானா? சொம்புல குடு, போதும்."

வள்ளிக்கு முகம் சுண்டிப்போயிற்று. சொம்பை வாங்கிக்கொண்டாள். ஆனால் ஒன்றே ஒன்று கேட்டாள்: "இத அடுப்புல மட்டும் காட்டிடாதீங்கம்மா. தாய்ப்பால் நெருப்புல பட்டா மார் வத்திப்போவும். எனக்கும் ஒண்ணு இருக்குது."

"எனக்குத் தெரியாதா? நானும் பெத்தவதான். நெருப்புல காட்டமாட்டேன், போ" என்றாள் லோகாம்பாள். காட்டமாட்டேன் என்று காமாட்சியம்மன் படத்துப் பக்கம் கையையும் நீட்டினாள்.

ஊசி போட வந்திருந்த நர்ஸ் லில்லி இதைக் கேட்டுச் சிரித்தாள். டாக்டரம்மாவிடம் வேலை செய்பவள், சிடுசிடுப்புக்காரி. "நெருப்புல வைக்கக்கூடாதுதான். வெச்சா பாலுல இருக்கிற சத்து போயிடும். மார் வத்தறதெல்லாம் சும்மா கதை" என்றாள். பிறகு லோகாம்பாளுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். காலி மருந்து பாட்டில்களைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்துக் காயவைக்க வேண்டும். பாலை முக்கால் பாட்டிலுக்கு மேல் ஊற்றக்கூடாது, உறையும்போது உப்பும். மேலே ஐஸ் பிடிக்கிற அறையில் வைத்தால் ரெண்டு வாரம் கெடாது. முதலில் வைத்ததை முதலில் எடுக்க வேண்டும். எடுத்ததை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் தானே இளகிவிடும். இளகினதைத் திரும்ப உறையப் போடவே கூடாது. குழந்தை குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

"கொட்டறதா?" என்றாள் லோகாம்பாள்.

"கொட்டத்தான் வேணும். இன்னொண்ணு, உங்க பொண்ணுக்குப் பால் கட்டியிருக்குது. அதையும் தினம் நாலஞ்சு தடவ பீச்சி வெளிய ஊத்துங்க. இல்லன்னா உடம்பு தேறினப்பறம் பால் இருக்காது."

லோகாம்பாள் தலையாட்டினாள். லில்லி வாசலைத் தாண்டியதும், "காய்ச்சக்காரி பால பீச்சிக்கினு, அத யார் காலும் படாத எடமாத் தேடி ஊத்திக்கினு திரியறதுக்கு எனக்கு வேற வேல இல்ல பாரு" என்றாள். மார் கனத்து ரேணுகாம்பாள் அனத்தியபோது, ஐஸ் பெட்டியைத் திறந்து மல்லிகைப் பூவை எடுத்தாள். மார்மேல் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் கட்டினால் மல்லிகை வைப்பது நம் பெண்கள் காலங்காலமாகச் செய்வதுதான். எதற்குச் செய்வார்கள் என்பதுதான் விஷயம். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கும், பால் மறக்கடிக்கிறவளுக்கும் செய்வார்கள். நாளைக்குப் பால் வேண்டும் என்பவளுக்குச் செய்வார்களா? லோகாம்பாளுக்கு அன்றைக்கு வலி அடங்கினால் சரி. பூவும் சில்லென்று இருந்தது.

வள்ளி தினம் காலையில் போனாள். குளித்து, புடவை மாற்றி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து பீச்சினாள். பிள்ளை வாய் வைத்தால் தானாகச் சுரக்கும் மார், வெள்ளிச் சொம்புக்குச் சுரக்க மறுத்தது. கண்ணை மூடிச் சொர்ணத்தின் முகத்தை நினைத்துக்கொள்வாள். அப்போதுதான் இறங்கும். தன் பெண்ணை நினைத்து, அடுத்தவள் பிள்ளைக்குப் பீச்சினாள். லோகாம்பாள் பக்கத்திலேயே நின்று சொம்புக்குள் எட்டி எட்டிப் பார்ப்பாள்.

நாளாக ஆக லோகாம்பாளுக்கு ஆசை பெருகியது. அன்றன்றைக்குக் குழந்தைக்கு வேண்டியது போதாது, பெட்டி நிறைய இருக்க வேண்டும். "இவளுக்கு நாளைக்கு ஏதாவது ஒண்ணு வந்துச்சுன்னா?" என்று சாயங்காலமும் வரச் சொன்னாள். பாட்டில்கள் மேலறையில் வரிசையாக உறைந்து நின்றன. வீட்டுக்கு வருகிறவர்களிடம் கதவைத் திறந்து காட்டுவாள். கடையில் பட்டுப்புடவையை விரித்துக் காட்டும் அதே கையசைப்புதான்.

இங்கே வீட்டில் சொர்ணம் அழுதாள். வள்ளி திரும்பி வரும்வரை வீரபாகு தறிக்குழியை விட்டு ஏறி வந்து, சர்க்கரைத் தண்ணீரில் துணியை நனைத்து வாயில் வைத்தான். அவன் கையில் பட்டு நூலின் சாயம் எப்போதும் இருக்கும். குழந்தை துணியைச் சப்பிவிட்டு, ஏமாந்துபோய் இன்னும் உரக்க அழுதது. வள்ளி வந்து மடியில் போட்டால் மார் தொங்கிக் கிடந்தது. கொஞ்ச நாளில் குழந்தையின் கன்னம் ஒட்டத் தொடங்கியது.

வள்ளி ஒரு திருட்டுத்தனம் செய்தாள். தன் பாலைத் தன் பிள்ளைக்குக் கொடுப்பதைத் திருட்டு என்று சொல்ல வேண்டிய காலம் அது. கிளம்புவதற்கு முன் ஒரு பக்கத்தைச் சொர்ணத்துக்குக் கொடுத்துவிட்டு, மறுபக்கத்தோடு போனாள். சொம்பில் பாதிதான் ஏறியது. லோகாம்பாள் கதவைச் சாத்தினாள்.

"ரவிக்கைய அவிழு."

வள்ளி அசையவில்லை. லோகாம்பாளே அவிழ்த்தாள். சந்தையில் மாட்டு மடியைப் பிடித்துப் பார்ப்பதுபோல் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தாள்.

"குடுத்துட்டுத்தானே வந்த? பொட்டப் புள்ளைக்கு இன்னா அவசரம்? மிஞ்சினதக் குடு, போதும். உன் புருஷன் தறிக்குப் பாவு எங்கேருந்து வருதுன்னு நெனப்பு இருக்கட்டும்."

வள்ளி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். வீரபாகு கேட்டான், அவள் சொன்னாள். அவன் தறியில் உட்கார்ந்தபடி வெகுநேரம் நூல் ஓட்டும் நாடாவைத் தொடவில்லை. பிறகு தொட்டான். அந்த நாடாச் சத்தம் வள்ளிக்கு அன்றைக்குத்தான் முதல்தடவையாக அருவருத்தது.

வைகாசி பிறந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு காலையில் சொர்ணத்துக்கு வயிற்றால் போயிற்று, உடம்பும் கொதித்தது. சர்க்கரைத் தண்ணீரோ, ஈ மொய்த்த துணியோ, யார் கண்டது. குழந்தை மாரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வள்ளியும் விடுவிக்கவில்லை. இரண்டு பக்கமும் கொடுத்துத் தீர்த்துவிட்டு, போகாமல் இருந்தால் வம்பு என்று வெயிலேறிப் போனாள். எவ்வளவு பீச்சியும் சொம்பின் அடியில் ஒரு கை கொள்ளும் அளவுதான் சேர்ந்தது.

"என் பொண்ணுக்கு உடம்பு சரியில்லம்மா. அதுக்குக் குடுத்துட்டேன். இனிமே அது குடிச்சப்பறம்தான் தருவேன்" என்றாள் வள்ளி. பாவு நின்றுபோகும் என்று தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

லோகாம்பாள் கத்தவில்லை. சிரித்தாள். "ரேணுவுக்கு வர்ற வாரம் மருந்த நிறுத்திடறாங்களாம். ஐஸ் பொட்டியில நெறஞ்சி கெடக்குது. இனிமே நீ தரவேணாம், யாருக்குமே தரவேணாம்."

சொம்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே ஓடிய வள்ளி பார்த்தாள். விறகடுப்பில் தணல் சிவந்து கிடந்தது. லோகாம்பாள் சொம்பைச் சாய்த்தாள். சொய்யென்று சத்தம் வந்தது. வெள்ளையாக ஒரு புகை எழும்பி, தீய்ந்த பால் வாசனை வீடு முழுக்கப் பரவியது. உள்ளே படுத்திருந்த ரேணுகாம்பாள், "இன்னாம்மா தீயுது?" என்று கேட்டாள்.

வள்ளி இரண்டு கையாலும் மாரை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ தன்னையே தூக்கி அடுப்பில் வைத்ததுபோல் அலறினாள். "சத்தியம் பண்ணியேம்மா! அம்மன் படத்துக்கு நேரா சத்தியம் பண்ணியே!" லோகாம்பாள் சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள்.

அன்று சாயங்காலம் சொர்ணம் இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வள்ளி தண்ணீராகக் குடித்தாள், பூண்டு தின்றாள், சுறாக் கருவாடு தின்றாள். மார் வெறும் தோலாகக் கிடந்தது. லில்லியைத் தேடிப்போய்க் கேட்டாள். "அடுப்புல ஊத்தினதால ஒண்ணும் ஆவலம்மா. நீ பயந்துக்கினு கெடக்கிற, அதான் எறங்கல. பயப்படாம புள்ளைய சப்பவிடு, வரும்" என்றாள் லில்லி. பயப்படாமல் இருப்பதற்கு மருந்து ஏதாவது கொடுத்தாளா என்றால், இல்லை. மாட்டுப்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இன்னும் அதிகமானது.

அப்போதுதான் வள்ளிக்கு அந்த யோசனை வந்தது. தன் பால் இருக்கிறதே. உறைந்துபோய், பாட்டில் பாட்டிலாக, ஐஸ் பெட்டியில் இருக்கிறதே. மார் வற்றினாலும் அது வற்றவில்லையே. மானம் ரோஷம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு லோகாம்பாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஒரே ஒரு பாட்டில் குடுங்கம்மா. நான் பீச்சிக் குடுத்ததுதானே. தெம்பா ஒரு வாய் குடிச்சிதுன்னா எழுந்துக்கும்."

"உன் பால்னு அதுல பேரா போட்டிருக்குது?" என்றாள் லோகாம்பாள். ஆனாலும் எழுந்து போய் ஐஸ் பெட்டியைத் திறந்தாள். வள்ளிக்கு உயிர் வந்தது. கதவிலிருந்து குளிர்புகை கீழே இறங்கி அவள் காலைத் தொட்டது. மேலறையில் பாட்டில்கள் வெள்ளை வெளேரென்று அடுக்கடுக்காக நின்றன. வள்ளி கையை நீட்டினாள். லோகாம்பாள் கீழ்த்தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திப் பூட்டினாள்.

"சும்மா தொறந்து தொறந்து மூடுனா குளுரு எறங்கிடும். போ, போய்ப் புள்ளைக்கு வசம்பு ஒரசி ஊத்து."

அந்தப் பாட்டில்களில் ஒன்று கிடைத்திருந்தால் சொர்ணம் பிழைத்திருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அது கிடைக்கவில்லை. வரதராஜர் கோயில் கருடசேவைக்கு முந்தின நாள் பிற்பகலில், அப்பன் மடியில், சத்தமே போடாமல் குழந்தை அடங்கிவிட்டது. வேகவதி ஆற்று ஓரமாக ஒரு குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தார்கள். பச்சைக் குழந்தைக்குப் பறையும் இல்லை, பாடையும் இல்லை. வீரபாகு தோளில் எடுத்துக்கொண்டு போனான், வெறுங்கையோடு திரும்பினான்.

அவன் திரும்பி வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட நேரத்தில்தான் அந்த அநியாயம் நடந்தது. இனிமேல் இழக்க ஒன்றும் இல்லை என்றானதும் வள்ளியின் பயம் போய்விட்டது. பயம் போனதும் பால் வந்துவிட்டது. ரவிக்கை நனைந்தது, புடவை நனைந்தது. உடம்புக்கு வெட்கமே கிடையாது. வள்ளி தன் மாரைத் தானே அறைந்துகொண்டாள். "இப்ப எதுக்கு வந்த? இப்ப எதுக்கு வந்த?" என்று அதைப் பார்த்துக் கேட்டாள்.

ஊரே கருடசேவைக்கு அலைமோதிய அந்த விடியற்காலையில் கரண்ட் போயிற்று. போனது நடுப்பகல் வரை வரவில்லை. லோகாம்பாள் குடும்பம் வரதராஜரைச் சேவித்துவிட்டு, உறவுக்காரர் வீட்டில் சாப்பிட்டு, சாயங்காலம்தான் வீடு திரும்பியது. அதற்குள் கரண்ட் வந்து, இளகிக் கிடந்த பால் திரும்பவும் மேலே மேலே உறையத் தொடங்கியிருந்தது. அடியில் ஒரு மாதத்துக்கு முந்தினதும் இருந்தது. புதிதாக வந்ததை முன்னால் வைத்து முன்னாலேயே எடுத்துக்கொண்டிருந்தாள் லோகாம்பாள். போதாக்குறைக்குக் குழந்தை குடித்து மிஞ்சியதையும் கொட்ட மனசில்லாமல் திரும்பத் திரும்ப ஊற்றிவைத்திருந்தாள். அதை இளக்கிக் கொடுத்தார்கள். குழந்தை கக்கியது. அடுத்த பாட்டிலை முகர்ந்து பார்த்தால் புளித்த நாற்றம். அதற்கடுத்ததும் அப்படித்தான். சரி, ரேணுவுக்குத்தான் மருந்து நிறுத்தியாயிற்றே என்று குழந்தையை அவள் மாரில் போட்டார்கள். ஒரு மாதத்து மல்லிகை தன் வேலையைச் சுத்தமாக முடித்திருந்தது. ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் காலை லோகாம்பாள் வள்ளியின் வீட்டுக்கு வந்தாள். அந்தத் தெருவுக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல்தடவை. தலை வாரியிருக்கவில்லை. வள்ளிக்குப் பால் திரும்பிவிட்டது என்ற பேச்சு அவள் காதுக்கும் போயிருந்தது. கையில் அதே வெள்ளிச் சொம்பு.

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாள் அடுப்பு மூட்டி, வள்ளிக்காகக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாங்கி வந்த மல்லிகைப் பூ முறத்தில் இருந்தது. லோகாம்பாள் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பூதான்.

"ஐயோ, அத வெச்சிக் கட்டிடாதீங்க!" என்று பாய்ந்து முறத்தைத் தள்ளிவிட்டாள். பூ தறிக்குழிக்குள் சிதறியது. தறியிலிருந்த வீரபாகு தலை நிமிர்ந்து பார்த்தான்.

"வள்ளி, பழச மனசுல வெச்சிக்காதம்மா. பால் அத்தனையும் கெட்டுப்போச்சுது. ரேணுவுக்கும் இல்ல. நேத்துலேருந்து புள்ள கத்திக்கினே இருக்குது. பச்சப் புள்ளம்மா. உனக்குத்தான் வீணாப் போவுதே, இதுல கொஞ்சம் குடு."

பச்சைப் பிள்ளை என்ற வார்த்தையை அவள் சொன்னாள். அந்த வீட்டில் நின்றுகொண்டு சொன்னாள். கிருஷ்ணம்மாள் கரண்டியை ஓங்கிக்கொண்டு எழுந்தாள். வள்ளி அவளை நிறுத்தினாள்.

வள்ளி சொம்பை வாங்கிக்கொண்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை யார் முகத்தையும் நினைக்க வேண்டியிருக்கவில்லை, தானாகக் கொட்டியது. இத்தனை நாளில் ஒருநாளும் நிறையாத சொம்பு கழுத்துவரை நிறைந்தது. எழுந்து வந்து லோகாம்பாள் கையில் கொடுத்தாள்.

"மூடி எடுத்துக்கினு வரல நீ. முந்தானையால மூடிக்கோ. வழியில நிக்காத. ஐஸ் பொட்டியில வைக்காத, போனதும் குடு. மிஞ்சினா கொட்டிடு."

"நீ நல்லா இருப்ப தாயி" என்றாள் லோகாம்பாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நாளைக்குப் புள்ளையவே தூக்கியாறேன். உன் மடியிலயே போடறேன்."

"நாளைக்கா?" என்றாள் வள்ளி.

திரும்பி நின்று, உள்ளங்கை நிறையப் பீச்சினாள். அந்தக் கையை ஏந்திக்கொண்டு அடுப்பண்டை போனாள். லோகாம்பாளுக்குப் புரிந்துவிட்டது. "வேணாம் வள்ளி, வேணாம்!" என்று கத்தினாள். கத்தினாளே தவிர ஓடிப்போய்க் கையைப் பிடிக்க முடியவில்லை. சொம்பு கழுத்துவரை நிறைந்திருந்தது, அசைந்தால் தளும்பும்.

வள்ளி தணலில் கையைக் கவிழ்த்தாள். சொய்யென்றது. அதே வாசனை.

"இன்னிக்குப் பால் உன் கையில இருக்குது. நாளைக்குப் பால் இதுதான்" என்றாள்.

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பால் கெடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று லோகாம்பாள் சொம்பை முந்தானையால் மூடிக்கொண்டு, தளும்பாமல் வேகமாக நடக்கத் தொடங்கினாள்.